ஷியோன் கோட்டையின் நிலவறை: கிடங்கு சிறையான வரலாறு

சுவிட்சர்லாந்தில், லெமான் ஏரியின் கிழக்கு முனையில், மோந்த்ரோ நகருக்கும் வில்நெவ் என்னும் சிற்றூருக்கும் இடையே, கரையை ஒட்டி நீருக்குள் நிற்கும் ஒரு பாறையின் மேல் ஷியோன் கோட்டை கட்டப்பட்டிருக்கிறது. ஜெனீவா ஏரி என்று பலரும் அறிந்திருப்பது இந்த லெமான் ஏரியைத்தான். ஐரோப்பாவில் இடைக்காலக் கோட்டைகளுக்குக் குறைவில்லை. பாதாளச் சிறை இருந்ததாகக் கதை வழங்காத கோட்டையும் அங்கே அரிது. இருப்பினும், தன் நிலவறைக்காகவே ஷியோன் அளவுக்குப் பெயர் பெற்ற இன்னொரு கோட்டையைச் சொல்வது கடினம். அந்தப் பெயருக்குக் காரணம் பிரான்சுவா போனிவார் என்ற ஒரு கைதியும், அவர் இறந்து ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஓர் ஆங்கிலக் கவிதையும். அந்தக் கவிதையின் வெளிச்சம் பட்ட இடம் மட்டுமே உலகுக்குத் தெரிகிறது. அதே கோட்டையில் அடைக்கப்பட்டு, வதைக்கப்பட்டு, பின்னர் நெருப்பிலிடப்பட்டவர்களின் வரலாறு அதற்கு வெளியே கிடக்கிறது. அவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால், அந்த நிலவறை முதலில் எதற்காகக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கோட்டை அமைந்த இடத்தைப் பார்த்தாலே அதன் முதல் பயன் விளங்கிவிடும். இங்கே மலை ஏரிக்கரை வரை இறங்கி வந்து, நடுவில் குறுகலான ஒரு வழியை மட்டும் விட்டிருக்கிறது. இத்தாலியிலிருந்து பெரிய சான் பெர்னார் கணவாய் வழியாக ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வடக்கே செல்லும் வணிகர்களும் யாத்திரிகர்களும் படைகளும் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். எனவே பாறையைக் கையில் வைத்திருந்தவர் பாதையையும் கையில் வைத்திருந்தார். அதில் போகும் சரக்குக்குச் சுங்கம் வாங்கினார். கோட்டையைக் குறிப்பிடும் எழுத்துச் சான்று 1150ஆம் ஆண்டில் கிடைக்கிறது. அப்போதே அது சவோய் வம்சத்துக் குறுநில ஆட்சியாளர்களின் பிடியில் இருந்தது. 1214இல் அவ்வம்சத்தின் முதலாம் தொமா கோட்டைக்கு அருகே வில்நெவ் என்ற புதிய ஊரை நிறுவினார். அவருடைய மகன் இரண்டாம் பியேர் காலத்தில், அதாவது 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோட்டை இன்று நாம் காணும் உருவத்தை ஏறத்தாழ அடைந்தது. இந்த பியேர், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றியின் மனைவிக்குத் தாய்மாமன். லண்டனில் அவருக்குக் கிடைத்த நிலத்தில் எழுந்த மாளிகையால்தான் அந்தப் பகுதிக்கு இன்றளவும் சவோய் என்ற பெயர் நிலைத்திருக்கிறது.

கரையைப் பார்த்த பக்கம் உயர்ந்த கோபுரங்களும் அம்பு எய்வதற்கான துளைகளும் கொண்டு போர்க்கோலத்தில் இருக்கும் ஷியோன், ஏரியைப் பார்த்த பக்கம் அகலமான சன்னல்களும் விருந்து மண்டபங்களும் கொண்ட அரண்மனையாக மாறிவிடுகிறது. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து பகைவர் ஏறிவருவது கடினம் என்ற நம்பிக்கையே அந்த வேறுபாட்டுக்குக் காரணம். அந்த மண்டபங்களின் எடை முழுவதையும் தாங்கும் அடித்தளத்தில்தான் நிலவறைகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒரு பக்கம் செதுக்கப்படாத பாறையே சுவராக எழுகிறது. தரையிலும் அதே பாறை மேடுபள்ளமாகத் தலைகாட்டுகிறது. நடுவே தூண்கள் அணிவகுத்து நிற்க, அவற்றின் தலையிலிருந்து கிளம்பும் கல்விலாக்கள் இருபுறமும் வளைந்து சென்று கூரையைத் தாங்குகின்றன. கோதிக் பாணியில் தேர்ந்த கைகள் செய்த வேலை என்பது முதல் பார்வையிலேயே தெரியும். ஏரிப் பக்கத்துச் சுவரில் ஒடுக்கமான பிளவுகள் சில உண்டு. வெயில் சாயும் நேரத்தில், நீரில் பட்டுத் திரும்பும் ஒளி அவற்றின் வழியே நுழைந்து கூரை வளைவுகளில் அலைகிறது.

இவ்வளவு அழகான வேலைப்பாட்டை யாரும் கைதிகளுக்காகச் செய்துவைக்கவில்லை. நிலவறைகள் மாளிகைக்கு அடித்தளமாகவும் கிடங்காகவும் கட்டப்பட்டவை. மலைச்சரிவுகளில் விளைந்த திராட்சையிலிருந்து எடுத்த மது, தானியம், உப்பிட்ட உணவு, ஆயுதங்கள் ஆகியவற்றை முற்றுகைக் காலத்துக்கும் சேர்த்து வைத்திருக்க, வெப்பம் மாறாத இருண்ட இடம் தேவைப்பட்டது. அந்த இடத்துக்கு ஏரியிலிருந்தே சரக்கை இறக்கவும் ஏற்றவும் நீர்ப் பக்கத்தில் ஒரு சிறு வாயில் இருந்தது. சிறை என்பது பின்னர் வந்து சேர்ந்த பயன். கெட்டியான சுவரும் ஒற்றைக் கதவும் உள்ள கிடங்கைச் சிறையாக மாற்றுவதற்குப் புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. தூணில் ஓர் இரும்பு வளையம் அடித்தால் போதும். இடைக்காலத்தின் பெரும்பாலான கோட்டைச் சிறைகள் இப்படித்தான் தோன்றின. கொடுமைக்கென்றே திட்டமிட்டுத் தோண்டப்பட்ட பாதாளங்கள் என்று அவற்றைக் கற்பனை செய்யும்போது, கொடுமை எவ்வளவு எளிதாக, எவ்வளவு குறைந்த செலவில் நடந்தது என்ற உண்மை நம் கண்ணிலிருந்து தப்பிவிடுகிறது.

அக்காலச் சிறையின் வேலையும் இன்றையதிலிருந்து மாறுபட்டது. சிறை ஆட்களைப் பிடித்துவைப்பதற்கு உரியதே தவிரத் தண்டிப்பதற்கு உரியதன்று என்ற கருத்தை ரோமச் சட்ட அறிஞர் உல்பியான் மூன்றாம் நூற்றாண்டில் வகுத்திருந்தார். இடைக்கால ஐரோப்பிய நீதிமுறை பொதுவாக அந்த வழியிலேயே சென்றது. அபராதம், நாடுகடத்தல், கசையடி, உறுப்பு வெட்டுதல், தூக்கு, எரித்தல் ஆகியவைதாம் தண்டனைகள். விசாரணை முடியும் வரை, அபராதம் கட்டும் வரை, அல்லது மீட்புப் பணம் வந்து சேரும் வரை ஆள் ஓடிவிடாமல் காப்பதற்குத்தான் சிறை. தவறிழைத்த துறவிகளை மடங்களில் நெடுங்காலம் அடைத்துவைக்கும் வழக்கம் திருச்சபையில் இருந்தது; அதற்கு வெளியே, இத்தனை ஆண்டுகள் சிறை என்று தீர்ப்பெழுதும் பழக்கம் அரிதாகவே இருந்தது. ஆனால் இந்தக் கொள்கையின் நிழலில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. விசாரணை எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்பதற்கு வரம்பு இல்லாதபோது, காவலில் வைத்தல் என்பதே முடிவில்லாத தண்டனையாகிவிடும்.

ஷியோனில் இந்த அதிகாரம் கோட்டைத் தலைவரிடம் குவிந்திருந்தது. அவர் சவோய் அரசின் பெயரால் கோட்டையைக் காத்தார், வரியும் சுங்கமும் தண்டினார், சுற்றுவட்டாரத்துக்கு நீதியும் வழங்கினார். 13ஆம் நூற்றாண்டிலிருந்து சவோய் ஆட்சியில் கோட்டைத் தலைவர்கள் ஒவ்வொருவரும் வரவுசெலவுக் கணக்கைத் தோல்சுருள்களில் எழுதித் தணிக்கைக்கு ஒப்படைக்க வேண்டியிருந்தது. கூரை பழுதுபார்த்த கூலி, விற்ற மதுவின் விலை, வாங்கிய அபராதம், தூக்குமரத்துக்கான செலவு ஆகிய அனைத்தும் அந்தச் சுருள்களில் ஒரே நடையில், ஒரே நிதானத்தோடு பதிவாகும். அபராதம் கட்டக்கூடிய கைதி வரவுப் பக்கத்தில் இடம்பெற்றார். ஒன்றுமற்றவர் செலவுப் பக்கத்தில். அரசின் ஆவணங்கள் இவ்வளவு ஒழுங்காக இருந்த ஒரு நாட்டில்தான் 1348ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளும் நடந்தன என்பதை மறக்கக்கூடாது.

அந்த ஆண்டு கொள்ளைநோய் மத்தியதரைக் கடற்கரையிலிருந்து ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே பரவிக்கொண்டிருந்தது. நோய்க்கு முன்பாகவே ஒரு வதந்தி வந்து சேர்ந்தது: கிறிஸ்தவர்களை அழிப்பதற்காக யூதர்கள் கிணறுகளிலும் ஊற்றுகளிலும் நஞ்சு கலக்கிறார்கள் என்பதே அது. சவோய் ஆட்சிப் பகுதியில் ஏரிக்கரையூர்களில் வாழ்ந்த யூதர்கள் கைது செய்யப்பட்டு ஷியோனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். செப்டம்பர் 15ஆம் நாள் விசாரிக்கப்பட்டவர்களுள் ஒருவர் தோனோன் என்ற ஊரில் வாழ்ந்த பலாவினி என்ற அறுவை மருத்துவர். அவரைச் சற்று நேரம் வதைக்கு உட்படுத்தியதாகவும், இறக்கிவிட்ட பிறகு நெடுநேரம் கழித்து அவர் ஒப்புக்கொண்டதாகவும் விசாரணைப் பதிவே கூறுகிறது. தொலேதோவிலிருந்து வந்து சாம்பெரி நகரில் தங்கியிருந்த ஒரு ரபி, அதாவது யூத சமய குரு, ஒரு சிறுவன் கையில் நஞ்சுப் பொடியைக் கொடுத்தனுப்பினார் என்றும், அதைக் கிணற்றில் இடாவிட்டால் சமூகத்திலிருந்து விலக்கப்படுவாய் என்று கடிதத்தில் எச்சரித்தார் என்றும் அவர் சொன்னதாக எழுதப்பட்டிருக்கிறது. நான்கு நாள் கழித்து, இம்முறை வதை இல்லாமலேயே, அவர் அதை உறுதிப்படுத்தியதாகவும் சொல்லப்படுகிறது. வதைக்கருவி பக்கத்து அறையில் இருக்கும்போது பெறப்பட்ட இரண்டாம் வாக்குமூலத்தைத் தானாக முன்வந்து சொன்னதாக எழுதிக்கொள்வது அக்கால விசாரணையின் வழக்கமான உத்தி.

இந்தப் பதிவில் ஒரு பகுதி நெஞ்சை விட்டு அகலாதது. நஞ்சிட்டதாகச் சொல்லப்பட்ட கிளாரன்ஸ் ஊற்றை அடையாளம் காட்டுவதற்காகப் பலாவினியை ஷியோனிலிருந்து படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஊற்றின் அருகே போனதும், இதுதான் இடம் என்று அவர் சொன்னார். அங்கே தேடினார்கள், ஒரு கந்தல் துணி அகப்பட்டது. நஞ்சைப் பொதிந்து வைத்திருந்த துணி இதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஊர்மக்கள் அன்றாடம் நீர் மொண்டு துணி துவைக்கும் ஓர் ஊற்றின் ஓரத்தில் கந்தல் துணி கிடைத்தது என்பதே தடயமாகியது. சட்டப்படி எழுத்தர் ஒருவரும் உடனிருந்தார். எல்லாம் முறைப்படி பதிவானது. ஒரு மனிதனின் உடல் ஏற்கெனவே முறிக்கப்பட்ட பிறகு, மற்ற எல்லாச் சடங்குகளும் எவ்வளவு பிழையின்றி நடக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது.

இந்த வாக்குமூலங்கள் கோட்டைச் சுவருக்குள் தங்கிவிடவில்லை. அவற்றின் நகலை ஷியோன் கோட்டைத் தலைவர் ஸ்ட்ராஸ்பூர்க் நகர ஆட்சிக்கு அனுப்பிவைத்தார். யூதர்கள் பலர் எரிக்கப்பட்ட செய்தியும் அந்தக் கடிதத்தில் இருந்தது. நகரங்கள் ஒன்றோடொன்று கடிதம் எழுதி, உங்கள் பக்கம் என்ன தெரியவந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. வதந்தியாக இருந்த வரையில் மறுக்க முடிந்த ஒன்று, ஒரு கோட்டையின் முத்திரையோடு வந்தபோது சான்றாகிவிட்டது. 1349 ஜனவரியில் பாசல் நகரத்து யூதர்கள் எரிக்கப்பட்டார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கில் அவர்களைக் காக்க முயன்ற நகர ஆட்சி பிப்ரவரியில் கவிழ்க்கப்பட்டது. 14ஆம் நாள் அந்நகரத்து யூதர்கள் அவர்களுடைய இடுகாட்டில் கூட்டமாக எரிக்கப்பட்டார்கள். யூதர்களும் மற்றவர்களைப் போலவே இந்த நோயில் மடிகிறார்கள், யூதர்கள் வாழாத இடங்களிலும் நோய் பரவுகிறது என்பதைச் சுட்டிக்காட்டி, திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட் 1348இலேயே ஆணை பிறப்பித்திருந்தார். அந்த ஆணையால் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஷியோனின் சிறை வரலாற்றில் உலகின் மீது மிகப் பெரிய பாதிப்பை ஏற்படுத்திய நிகழ்ச்சி எது என்று கேட்டால், போனிவாரின் சங்கிலியைவிட இந்த நகல் கடிதத்தைத்தான் நான் சொல்வேன்.

போனிவாரின் கதைக்கு இனி வரலாம். அதுவும் கேட்கத் தகுந்த கதைதான். 1493இல் பிறந்த அவர், ஜெனீவாவின் மதிலுக்கு வெளியே இருந்த சான் விக்தோர் மடத்தின் தலைமைப் பதவியை இளம் வயதிலேயே குடும்ப உரிமையாகப் பெற்றவர். ஆழ்ந்த துறவி அல்லர். புத்தகப் பிரியர், சொல்வன்மை மிக்கவர். ஜெனீவாவை முழுமையாகத் தன் ஆட்சிக்குள் கொண்டுவர சவோய் கோமகன் மூன்றாம் சார்லஸ் முயன்றபோது, நகரத்தின் உரிமைக்காக நின்றவர்களின் பக்கம் அவர் சேர்ந்தார். 1519இல் அந்த அணியின் தலைவர்களுள் ஒருவரான பிலிபேர் பெர்த்தெலியே தலை வெட்டிக் கொல்லப்பட்டார். போனிவாரும் பிடிபட்டு இரண்டு ஆண்டுகள் சிறையிருந்தார். 1530 மே மாதத்தில், லோசான் நகருக்குச் செல்லும் காட்டுவழியில் ஷியோன் கோட்டைத் தலைவர் அந்துவான் தெ போஃபோரும் அவருடைய ஆட்களும் மறைந்திருந்து அவரை இரண்டாம் முறையாகப் பிடித்தார்கள்.

முதல் இரண்டு ஆண்டுகள் அவர் நிலவறையில் இருக்கவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. பிறப்பாலும் பதவியாலும் உயர்ந்த கைதிக்கு உரிய முறையில், கோட்டையின் மேல்தளத்தில் ஓரளவு மரியாதையோடு வைக்கப்பட்டிருந்தார். 1532இல் கோமகன் ஷியோனுக்கு வந்துபோன பிறகு நிலைமை மாறியது. கோமகனின் ஆணையாலோ தன் சொந்த விருப்பத்தாலோ தெரியவில்லை, கோட்டைத் தலைவர் தன்னை ஏரியின் மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலவறைக்குள் தள்ளினார் என்று போனிவார் பின்னாளில் எழுதினார். அங்கே நடந்து நடந்து, சுத்தியால் செதுக்கியதைப் போலப் பாறைத் தரையில் ஒரு சிறு தடமே பதிந்துவிட்டது என்றும் அவர் எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டுகளில் ஒருவருடைய காலடியால் பாறை அந்த அளவுக்குத் தேய்ந்திருக்குமா என்று ஐயுறலாம். ஆனால் செய்வதற்கு வேறொன்றும் இல்லாத ஒருவர் தூணுக்கும் தூணுக்கும் நடுவே நாளெல்லாம் நடந்தார் என்பதில் ஐயப்பட எதுவுமில்லை.

1536 தொடக்கத்தில் பெர்ன் நகர அரசு ஹான்ஸ் ஃபிரான்ஸ் நேகெலியின் தலைமையில் படையனுப்பி, ஏரியின் வடகரையான வோ நாட்டைச் சவோயிடமிருந்து கைப்பற்றியது. மார்ச் 29ஆம் நாள், நிலத்திலிருந்து பெர்ன் படையும் நீரிலிருந்து ஜெனீவாவின் படகுகளும் நெருக்க, ஷியோன் வீழ்ந்தது. கோட்டைத் தலைவர் படகில் தப்பினார். போனிவாரும் உடனிருந்த ஜெனீவாக்காரர்களும் வெளியே வந்தார்கள். அவர் திரும்பிச் சென்ற ஜெனீவா, அவர் விட்டுப்போன ஊராக இல்லை. பாதுகாப்புக்காகப் புறநகர் இடிக்கப்பட்டபோது அவருடைய மடமும் தரைமட்டமாகியிருந்தது, வருமானம் போயிருந்தது, இரண்டே மாதங்களில் நகரம் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சமயத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டது. நகராட்சி அவருக்குக் குடியுரிமையும் உதவித்தொகையும் அளித்து, ஜெனீவாவின் வரலாற்றை எழுதும் பணியையும் ஒப்படைத்தது. நான்கு முறை மணம் புரிந்து, கடனோடும் நகரத்தின் ஒழுக்கக் கண்காணிப்போடும் மல்லாடி, 1570இல் அவர் இறந்தார். அவர் விட்டுச்சென்ற நூல்கள் ஜெனீவாவின் பொதுநூலகத்துக்கு அடித்தளமாயின. நான்காம் மனைவி பிறர்தொடர்பு கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு ரோன் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விடுதலையின் நகரம் என்று புகழப்பட்ட ஊரிலும் நீதி அந்த வடிவத்தில்தான் இருந்தது.

கைதிகளை விடுவித்த பெர்ன் அரசு சிறையை மூடவில்லை. அடுத்த இரண்டு நூற்றாண்டுகள், 1733 வரை, அதன் அதிகாரி ஷியோனில் தங்கியிருந்து வட்டாரத்தை ஆண்டார். நிலவறைகள் மறுபடியும் மது வைக்கவும், பொருள் வைக்கவும், மனிதர்களை வைக்கவும் பயன்பட்டன. இக்காலத்தின் கைதிகளுள் சூனியக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தனியே குறிப்பிடத்தக்கவர்கள். சூனியக்காரர் வேட்டை என்ற கொடுமை ஐரோப்பாவில் முதன்முதலாக உருவெடுத்த வட்டாரங்களுள் லெமான் ஏரியின் சுற்றுப்புறமும் ஒன்று. 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இங்கே வழக்குகள் தொடங்கிவிட்டன. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அது உச்சத்தை எட்டியபோது, வோ நாட்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் ஐரோப்பாவின் மிகக் கடுமையான வேட்டைகளுள் அது ஒன்று. பக்கத்து வீட்டு மாடு செத்தது, குழந்தை நோயுற்றது, பயிர் ஆலங்கட்டி மழையில் அழிந்தது என்பவையே பெரும்பாலும் குற்றச்சாட்டின் தொடக்கம். கைகளைப் பின்னால் கட்டி, அந்தக் கட்டிலேயே கயிறு பூட்டி மேலே தூக்கி, காலில் கல்லைத் தொங்கவிடுவது இந்நாட்டில் வழக்கமாக இருந்த வதை. அந்த நிலையில் கேட்கப்படும் முக்கியமான கேள்வி, சூனியக்காரர்கள் கூடுவதாக நம்பப்பட்ட இரவுக் கூட்டத்தில் உன்னோடு யார் யார் இருந்தார்கள் என்பது. பதிலில் வரும் ஒவ்வொரு பெயரும் அடுத்த கைது. வோ நாட்டில் நடந்த கொலைகளின் எண்ணிக்கை அவ்வளவு பெருகியதற்கு அந்தக் கேள்வியே பெரிய காரணம்.

பலாவினியின் வழக்குக்கும் இவற்றுக்கும் இடையே உள்ள ஒற்றுமையைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. கண்ணுக்குத் தெரியாத தீங்கு, அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தை அம்பலப்படுத்தும் வாக்குமூலம், அதைப் பெற்றுத்தரும் வதை: 1348இல் யூதர்களுக்கு எதிராகப் பயன்பட்ட இந்த அமைப்பேதான் பின்னாளில் கிராமத்து ஏழைப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் எதிராகப் பயன்பட்டது. கத்தோலிக்க சவோய் போய்ச் சீர்திருத்த பெர்ன் வந்ததால் அது மாறவில்லை. மூடிய அறையும் தனிமையும் அந்த அமைப்பின் இன்றியமையாத உறுப்புகள். உறவினரும் ஊராரும் எட்ட முடியாத இடத்தில் ஒருவரை வைத்திருந்தால்தான் அவர் வாயிலிருந்து வேண்டிய சொல்லை வரவழைக்க முடியும். கோட்டைச் சிறை செய்த உண்மையான வேலை இதுதான் என்று நான் கருதுகிறேன்.

1798 ஜனவரியில் வோ மக்கள் பெர்ன் ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது கோட்டை அவர்கள் கைக்கு வந்தது. 1803இல் உருவான வோ மாநிலத்தின் உடைமையாகியது. ஆயுதக் கிடங்காக இருந்த அந்தக் கட்டடத்துக்கு, 1816 ஜூன் கடைசி வாரத்தில், ஏரியைப் படகில் சுற்றிவந்துகொண்டிருந்த இரண்டு ஆங்கிலக் கவிஞர்கள் வந்தார்கள். பைரனுக்கும் ஷெல்லிக்கும் ஒரு காவலர் நிலவறையைச் சுற்றிக்காட்டினார். தூண்களையும், வளையங்களையும், தரையில் காலடி பதிந்த தடத்தையும், கைதிகளைத் தூக்கிலிட்டதாகச் சொல்லப்பட்ட கறுத்துப்போன ஓர் உத்தரத்தையும் ஷெல்லி தம் கடிதத்தில் விவரித்திருக்கிறார். பிறகு லோசானுக்குக் கீழே ஊஷி என்னும் துறையில் மழையால் விடுதிக்குள் முடங்கிய நாட்களில் பைரன் தம் கவிதையை எழுதி முடித்தார். ஆண்டு முடிவதற்குள் அது வெளியாகியது. அதில் வரும் கைதி தம் இரு சகோதரர்களோடு சங்கிலியில் கட்டப்பட்டு, அவர்கள் கண்ணெதிரே சாவதைக் காண்கிறார். போனிவாரின் வாழ்வில் அப்படி எதுவும் நடக்கவில்லை. கவிதையை எழுதியபோது அவருடைய வரலாற்றைத் தாம் போதிய அளவு அறிந்திருக்கவில்லை என்று பைரனே குறிப்பு எழுதியிருக்கிறார். அறிந்த பிறகு அவரைப் போற்றி, சானெட் எனப்படும் பதினான்கு அடிப் பாடல் ஒன்றையும் சேர்த்தார்.

கவிதையின் வலிமை உண்மையைத் தாண்டிச் சென்றது. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்த படித்தவர்கள் ஷியோனைத் தவறவிடக்கூடாத இடமாகக் கொண்டார்கள். எழுத்தாளர்கள் ஹியூகோவும், ஃபிளோபேரும், டிக்கன்சும் வந்தார்கள். மூன்றாம் தூணில் செதுக்கப்பட்ட பைரனின் பெயர் இன்று கண்ணாடிக்குள் பாதுகாக்கப்படுகிறது. அதை அவரே செதுக்கினாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்தத் தூணைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் தங்கள் பெயர்களையும் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வந்தவர்களின் ஆவலுக்கு ஏற்ப வழிகாட்டிகளின் கதைகளும் வளர்ந்தன. மூன்று படி இறங்கியதும் தரையே இல்லாமல் கைதி ஆழத்தில் விழுந்து சாகும் மரணக்கிணறு ஒன்றை 19ஆம் நூற்றாண்டுப் பயணிகளுக்கு ஷியோனில் காட்டினார்கள். இத்தகைய குழிகள் அக்காலத்தில் பிரான்சின் எத்தனையோ கோட்டைகளில் காட்டப்பட்டன. பழங்கட்டடங்களை நுட்பமாக ஆராய்ந்த வியோலே-லெ-துக், அப்படிச் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை கழிவறைக் குழிகளும் கிடங்குக் குழிகளுமே என்று எழுதி, மிகச் சிலவற்றை மட்டுமே மெய்யானவையாக ஏற்றார். கழிவுக்குழியைக் கண்டு நடுங்கிய பயணிகள், தாங்கள் நின்ற அதே கோட்டையிலிருந்து ஒரு கடிதம் ஸ்ட்ராஸ்பூர்க்குக்குப் போனதை அறியாமலே திரும்பினார்கள். கற்பனைக் கொடுமை அவர்களுக்கு வேண்டிய திகிலைத் தந்துவிட்டதால், ஆவணம் உள்ள கொடுமையைத் தேட வேண்டிய தேவை எழவில்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டையைச் சீரமைக்க ஒரு சங்கம் அமைந்தது. தொல்லியலாளர் அல்பேர் நேஃப் பல பத்தாண்டுகள் அங்கே அகழ்ந்தும் அளந்தும் ஆவணங்களோடு ஒப்பிட்டும் பணியாற்றி, எந்தச் சுவர் எந்தக் காலத்தது என்பதைப் பிரித்துக் காட்டினார். நிலவறைகள் கிடங்குகளாகவே பிறந்தவை என்ற புரிதல் அத்தகைய உழைப்பினால் உறுதிப்பட்டது. இன்று அவற்றில் ஒரு பகுதியில் கோட்டையின் பெயரில் விற்கப்படும் மது பீப்பாய்களில் முதிர்கிறது.

பார்வையாளர்களுள் பெரும்பாலோர் இப்போதும் போனிவாரின் தூணைத் தேடித்தான் வருகிறார்கள், அதில் தவறில்லை. அவர் தம் கதையைத் தாமே எழுத வாய்த்தவர். பலாவினியும், வில்நெவ் ஊர் யூதர்களும், சூனிய வழக்குகளில் மாண்டவர்களும் பேசியதாக நம்மிடம் உள்ளவை அனைத்தும் அவர்களை வதைத்தவர்களின் எழுத்தர்கள் எழுதிவைத்தவை. அந்தப் பக்கங்களை எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். ஆனால் வாசிக்காமல் விடக்கூடாது. லோசான் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர்கள் சில பத்தாண்டுகளாக, வோ மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கும் 15ஆம் நூற்றாண்டுச் சூனிய வழக்குப் பதிவேட்டை வழக்கு வழக்காகப் படித்து, லத்தீன் மூலத்தோடு பதிப்பித்துவருகிறார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயர், ஊர், முதல் நாள் அவர் மறுத்த மறுப்பு, எந்த நாளில் அந்த மறுப்பு முறிந்தது என்பவை அப்பதிப்புகளில் தெளிவாகக் கிடைக்கின்றன.